மூன்றில் ஒரு பங்கு

நாட்டைக் காப்பாற்றுவது என்று நான் முடிவெடுத்தபோது என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கடலோரப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவுல என்னைப் போட்டிருக்காங்க" என்றேன். குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டேன். பெரிய செய்தியைத் தாழ்ந்த குரலில் சொல்வதுதான் மரபு.

"யாரை?"

"என்னைத்தான்."

"உங்களுக்குக் கடல் ஆகாதே. ஆத்தைக் கடக்கப் படகுல ஏறினப்பவே..."

"அது வேற. இது சிந்தனை."

"சிந்தனைக்கு வாந்தி வராதா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

வாசகர்களுக்கு என்னைத் தெரியும். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். ஞாயிறுதோறும் நாளிதழில் படைக்கலங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்பவன். எந்தப் பீரங்கி எவ்வளவு தூரம் சுடும், எந்த நீர்மூழ்கி எவ்வளவு ஆழம் போகும், எந்தத் தளபதி எந்தக் கடற்கரையில் எதனால் தோற்றான், எல்லாம் எனக்கு நுனிநாக்கில். வீட்டுக் குழாய் ஒழுகினால் மட்டும் ஆள் கூப்பிட வேண்டும்.

நான் காகிதத்தில் எழுதுவேன். அவள் தட்டச்சு செய்வாள். என் ஒற்றை விரலால் தட்டினால் கட்டுரை முடிவதற்குள் போர் முடிந்துவிடும். இதோ, இதையும் அவள்தான் தட்டச்சு செய்யப்போகிறாள். எந்த இடத்தில் எதைத் திருத்துவாள் என்று எனக்குத் தெரியாது. முன்பும் தெரியவில்லை. என் கதையே அதுதான்.

அவள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இறப்புத் தொகை கேட்டு வருகிறவர்களைக் கவனிக்கும் பிரிவில் இருக்கிறாள். அதாவது, ஆள் படிக்காமலே கையெழுத்துப் போட்ட நிபந்தனைகளை, ஆள் செத்த பிறகு அவனுக்காகப் படித்துப் பார்ப்பது. "பாதிக் குடும்பம் சாவுல அழியலைங்க, சின்ன எழுத்துல அழிஞ்சுது" என்பாள். சாப்பிடும்போதுதான் சொல்வாள்.

நிலவரம் இதுதான். நமக்கும் அக்கரைக்கும் நடுவே இருக்கிற தீவை அக்கரைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். மீட்க வேண்டும். நீந்திப் போய் மீட்க முடியாது. கப்பல் வேண்டும், அதுவும் ஆட்களையும் வண்டிகளையும் நேராக மணலில் இறக்கும் கப்பலாக வேண்டும். எந்தக் கப்பல் என்பதில் கடும் போர் மூண்டது. அக்கரையோடு அல்ல, குழுவுக்குள்.

ஒரு கட்சி புதிய தாய்க்கப்பல் வாங்கச் சொன்னது. அதன் முதுகில் ஹெலிகாப்டர் இறங்கும். வயிற்றுக்குள் கடல்நீரை விட்டுக்கொண்டு, பின்பக்கத்தால் குட்டிப் படகுகளை ஈனும். பார்க்க அழகுதான். ஆனால் ஊரையே ஒரே பந்தலில் உட்கார வைத்துவிட்டால், பந்தலில் தீப்பிடிக்கும்போது என்ன செய்வது? ஒரே ஒரு ஏவுகணை போதும். வரலாறு படித்தவன் அதை வாங்கமாட்டான்.

நான் வாயாடியின் கட்சி. துறைமுகத்தின் கோடியில் துருப்பிடித்துக் கிடந்த பழைய தரையிறங்கு கப்பலுக்கு மாலுமிகள் வைத்த பெயர் அது. அடிப்பாகம் தட்டை. நேராகக் கரையில் ஏறி, முன்பக்கத்து வாயைப் பிளந்து வண்டிகளைக் கக்கும். கரையை நெருங்கும்போதே பின்னால் ஒரு நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் போகும். அந்தச் சங்கிலியைச் சுருட்டித்தான் தன்னைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். கல்யாணமான எவனுக்கும் இந்த ஏற்பாடு உடனே புரியும். வாயாடிக்கு இரண்டு தங்கைகளும் இருந்தன, அதே துருவோடு. மூன்றையும் தட்டிக்கொட்டி அனுப்பினால் போதும் என்று எழுதினேன். வழியில் ஒன்று போனாலும் இரண்டு கரை சேரும். மூன்றில் ஒரு பங்கு என்பது ஏற்கத்தக்க இழப்பு.

தட்டச்சுச் சத்தம் நின்றது.

"ஏங்க, இந்த ஏற்கத்தக்க இழப்பு. இதை யாரு ஏத்துக்கறது?"

"திட்டம் போடறவங்க."

"அவங்க கப்பல்ல போவாங்களா?"

"திட்டம் போடறவன் கப்பல்ல போயிட்டா திட்டம் யாரு போடறது?"

"அதுவும் சரிதான்." சத்தம் தொடர்ந்தது. மறுபடி நின்றது. "நம்ம வீட்ல எத்தனை பேரு?"

"இது என்ன கேள்வி? மூணு."

"சும்மா கேட்டேன்."

அந்தச் சும்மாவை நான் கவனித்திருக்க வேண்டும். எதிரி முதலில் சுடுகிற குண்டு யார்மீதும் படாது. அது தூரம் அளக்கச் சுடுவது. இதை நானே எழுதியிருக்கிறேன்.

குழு என் கருத்தை ஏற்றது. வாயாடிக்குச் சாயம் பூசினார்கள். இனி ஆள் வேண்டும். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற தளபதி. அவர் மீசைக்குத் தனி நாற்காலி போடலாம், நாங்கள் அவரை மீசை என்றே அழைத்தோம், அவர் இல்லாதபோது. "வீட்டுக்கு ஒருத்தர். அதுக்கு விதி எழுதணும். நீங்கதான் வார்த்தைக்காரர், எழுதிட்டு வாங்க" என்றார் என்னிடம்.

அன்று மாலையே எழுதினேன். ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவர், ஒருவர் மட்டுமே. வயது பதினெட்டு முதல் முப்பது வரை. இரண்டே வரி. கல்லில் வெட்டலாம் போல இருந்தது.

எங்கள் மகனுக்கு இருபது. குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கப் படித்துக்கொண்டிருந்தான். கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உயரம். திறந்த கதவை மூடத் தெரியாத வயது. சாப்பாட்டு மேசையில் விதியை வாசித்துக் காட்டினேன்.

"நான் போறேம்பா" என்றான். "நீங்க எழுதினது எல்லாத்தையும் படிச்சிருக்கேன்."

என் கட்டுரைகளை முழுதாகப் படிக்கிற ஒரே ஆள் இப்படி வீட்டுக்குள்ளேயே இருப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்த இடத்தில் நெஞ்சு விம்மியது என்று எழுதுவது வழக்கம். விம்மியது. அதற்குக் கீழே, வயிற்றில், ஐஸ்கட்டி போல ஒன்று இறங்கியது. அதை வெளியே சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த ஞாயிறு எந்த முகத்தோடு எழுதுவது? ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள்.

மனைவி அவன் தட்டை எடுத்தாள். அவன் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை. பார்த்தாள். திரும்ப வைத்தாள்.

தாக்குதல் மறுநாள் தொடங்கியது.

"ஒரே பிள்ளை இருக்கற வீட்டுக்கு விலக்குன்னு ஒரு வரி சேருங்க."

நான் எதிர்பார்த்த கடற்கரை. ஏற்கெனவே முள்வேலி போட்டு வைத்திருந்தேன். "விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"ஒரு வரிதானே?"

"ஒரு வரியிலதான் அணை உடையும்."

அழுதாள். பேசாமல் இருந்தாள். பேசிக்கொண்டே அழுதாள். அவள் அண்ணன் வந்து நடுவீட்டில் நின்று, "மாப்பிள்ளை, நீங்க மனுஷன்தானா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டு அம்மா சர்க்கரை கேட்கிற சாக்கில் வந்து அதையே கேட்டுவிட்டுப் போனாள், சர்க்கரையை மறந்து. நான் அசையவில்லை. இருக்கிற பீரங்கி அத்தனையையும் அந்த ஒரே கரையில் குவித்திருந்தேன். எல்லாக் கேள்விக்கும் கிரேக்கர் காலத்திலிருந்து ஒரு மேற்கோள் கைவசம் இருந்தது.

இதெல்லாம் நடக்கும்போது மகன் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தான். கூடத்தில் அவன் குனிந்து நிமிரும் சத்தம் கேட்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் கண்ணை மூடித் திறப்பாள். நான் செய்தித்தாளைப் பெரிதாக விரித்துக்கொள்வேன்.

கடைசியில் ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "சரி. உங்க கொள்கையை நான் உடைக்கலை. வார்த்தையையாவது ஒழுங்கா எழுதுங்க. இதே மாதிரி எங்க ஆபீஸ்ல எழுதினா சீட்டைக் கிழிச்சிருவாங்க."

வென்றவன் பெருந்தன்மையாக இருக்க வேண்டும். அதையும் வரலாறு சொல்கிறது. "என்ன குறை? சொல்லு."

"முப்பது வயசு வரைன்னு போட்டிருக்கீங்க. அதுக்கு மேல ஆனவங்களுக்கு மூளை வேலை செய்யாதுன்னு அரசாங்கமே சொல்ற மாதிரி இல்ல?"

"யாரு சொன்னது? தரையிறங்கு போர்னா சும்மாவா? ஓதம் ஏறறது இறங்கறது பாக்கணும், மணல் பாக்கணும், எந்த வண்டி கடைசியா ஏறினா முதல்ல இறங்கும்னு தெரியணும். இதெல்லாம் இருபது வயசுப் பையனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுதான். ஆனா விதியில அப்படி இல்லையே. படிக்கறவன் என்ன நினைப்பான்? இவருக்கே வயசு அம்பத்தெட்டு, இவரையே இவர் கழிச்சுட்டாரேன்னு..."

அன்றே சேர்த்தேன்: தரையிறங்கு போரில் தனியறிவு உடையவர்களுக்கு வயது வரம்பு இல்லை. எழுதும்போது மனக்கண்ணில் குளிரூட்டிய அறை தெரிந்தது. சுவரில் பெரிய வரைபடம், கையில் குச்சி, எதிரே கைகட்டி நிற்கும் தளபதிகள்.

"அப்புறம், வீட்டுல நாலு பேரு இருந்தா யாரை எடுப்பாங்க? அதிகாரி உள்ள வந்து கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போவானா? குடும்பத்துக்குன்னு ஒரு மரியாதை வேண்டாமா?"

நியாயமான கேள்வி. குடும்பப் பொறுப்பாளர் தேர்வு செய்வார் என்று சேர்த்தேன்.

"பொறுப்பாளர்னா?"

"நான்... அதாவது, குடும்பத் தலைவன்."

"அப்படிப் போட்டா வழக்குதான். அண்ணன் நான்தான் தலைவன்பான், தம்பி நான்தான்பான். கையில காட்டற மாதிரி ஒண்ணு வேணும்."

யோசித்தேன். தெளிவு என்றால் எனக்கு ஒரு பித்து. சொந்த வீடானால் பத்திரத்தில், வாடகை வீடானால் ஒப்பந்தத்தில், எவர் பெயர் உள்ளதோ அவரே பொறுப்பாளர். ஒரு நூல் நுழைய இடமில்லாத வாசகம். அவளே பாராட்டினாள்.

"இப்பதான் படிக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள். அழுகை தொடங்கிய பிறகு அதுதான் அவள் எனக்குப் போட்ட முதல் தேநீர். சர்க்கரை சரியாக இருந்தது. அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

விதி நிறைவேறியது. ஒரு சொல்லும் மாறவில்லை.

பெயர் கொடுக்கும் இடம் ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். கரும்பலகையில் பாதி அழிந்த கழித்தல் கணக்கு. குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு ஓர் அதிகாரி, தலைநிமிராமல் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். வரிசையில் பெரும்பாலும் தாய்மார்கள். எங்களுக்கு முன்னால் ஒருத்தி மகனின் சட்டைக்கையைப் பிடித்திருந்தாள். முத்திரை விழுந்த பிறகும் விடவில்லை. அவன்தான் மெதுவாக, ஒவ்வொரு விரலாக, பிரித்துவிட்டான்.

எங்கள் மகன் பையோடு நின்றான். எங்கள் முறை வந்தது.

"குடும்பப் பொறுப்பாளர்?"

"நான்தான்" என்று முன்னால் போனேன்.

"வீடு சொந்தமா, வாடகையா?"

"வாடகை."

"ஒப்பந்தம் யார் பேர்ல?"

வாயைத் திறந்தேன். வாயாடியைப் போலத் திறந்தபடியே நின்றேன். ஒப்பந்தம் பதிந்த அன்று வெயிலில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. நான் வரிசையில் நிற்கிறவன் அல்ல. வீட்டில் இருந்து ஏதோ ஒரு முற்றுகையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

"என் பேர்லங்க" என்றாள் மனைவி.

"யாரை அனுப்பறீங்க?"

"இவரை."

அதிகாரி முதல்முறையாகத் தலைநிமிர்ந்தார். என் தலையைப் பார்த்தார். அதில் மிச்சமிருந்ததைப் பார்த்தார். "முப்பதுக்கு மேல இருக்கும் போலிருக்கே."

"அடுத்த விதியைப் பாருங்க. தனியறிவு உள்ளவங்களுக்கு வயசு வரம்பு கிடையாது. இவரு தரையிறங்கு போர்ல நிபுணர். ஞாயித்துக்கிழமை பேப்பர் பாக்கறதில்லையா?"

"அட, அவரா நீங்க!" அதிகாரி எழுந்து நிற்கப் பார்த்தார். பெஞ்சு விடவில்லை.

"அம்மா!" என்றான் மகன். "நான்தானே போறதா இருந்தது?"

"வீட்டுக்கு ஒருத்தர்தான்டா. ஒருத்தர் மட்டும்தான். அப்பா எழுதினது. அப்பா எழுதினது எல்லாத்தையும் படிச்சிருக்கேன்னியே?"

"இது விதியோட நோக்கமே இல்ல..." என்று தொடங்கினேன்.

"சார், நோக்கம்னு எதுவும் இதுல எழுதலையே" என்றார் அதிகாரி, உண்மையான மரியாதையோடு. முத்திரை விழுந்தது.

சென்ற ஆண்டு நான் ஒரு கட்டுரை எழுதினேன். தரையிறங்கப் போகிற படை, தான் இறங்க விரும்பாத ஒரு கரைக்கு முன்னால் நின்று பெரிய கூச்சல் போட வேண்டும். எதிரி தன் பலத்தை எல்லாம் அங்கே குவிப்பான். அப்போது சத்தமில்லாமல் வேறு கரையில் இறங்க வேண்டும். பலரும் பாராட்டிய கட்டுரை. அதைத் தட்டச்சு செய்தது யார் என்பது அந்தப் பெஞ்சின் முன்னால் நிற்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

மறுக்க முடியுமா? மீசை வந்து கட்டிப்பிடித்தார். படம் எடுத்தார்கள். 'எழுதியபடி நடப்பவர்' என்று நாளிதழில் முதல் பக்கத்தில் போட்டார்கள். இத்தனை நாள் உள்பக்கத்தில்தான் இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா வந்து மாலை போட்டாள். இந்த முறை சர்க்கரையை மறக்காமல் வாங்கிக்கொண்டு போனாள்.

மகன் என்னோடு துறைமுகம் வரை வந்தான். பையை அவனே தூக்கிக்கொண்டான். "எனக்கு வெக்கமா இருக்குப்பா" என்றான். எனக்கும் இருந்தது. அவனுக்கும் எனக்கும் காரணம் வேறு வேறு. வாசலில் காவலாளி அவனைத் தடுத்து, "நீ உள்ள போக முடியாது" என்றபோது, எனக்குள் இறங்கியிருந்த அந்த ஐஸ்கட்டி சட்டென்று உருகியது. எனக்கே பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் உருகியது. அதை இங்கே பதிவு செய்கிறேன்.

இப்போது வாயாடியின் வயிற்றில் இருக்கிறேன். வண்டிகள் ஏற்றும் தளம். புத்தகத்தில் இதன் நீளம், அகலம், எடை எல்லாம் இருக்கும். வாசனை இருக்காது. டீசல், ஈரக்கயிறு, புதுச்சாயம், யாரோ எடுத்த வாந்தி. கப்பல் இன்னும் கிளம்பவேயில்லை. தட்டை அடிப்பாகம் என்றால் அலையில் எப்படி ஆடும் என்பதை, "சற்றே அசைவு கூடுதல்" என்று ஒருமுறை எழுதியிருக்கிறேன். இன்று அந்த வரியைத் திருத்துவேன்.

தளபதிகள் யாரும் இங்கே கைகட்டி நிற்கவில்லை. எனக்குக் கொடுத்த வேலை, லாரிகளைத் தளத்தோடு பிணைக்கும் சங்கிலிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று கையால் ஆட்டிப் பார்ப்பது. லாரிகளுக்கு நடுவே, டயர்களில் சாய்ந்து, பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாம் என் மகன் வயது. கால் நீட்ட இடமில்லாமல் மடக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். இவர்கள் வீட்டிலும் அம்மா இருந்தாள். அழுதிருப்பாள். அந்த அம்மாக்கள் யாரும் விதி எழுதுகிறவனைக் கட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் குறை.

நான் உட்கார்ந்த பலகையில் இரண்டு பக்கமும் இரண்டு பேர். இடப்பக்கம் இருந்தவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"சார், மூணுல ஒரு பங்குன்னு எழுதியிருந்தீங்களே, அது சரியா வருமா?"

"அது... சராசரி."

"சராசரின்னா?"

"மூணு கப்பல் போனா ரெண்டு சேரும்."

அவன் பலகையைப் பார்த்தான். தன்னைத் தொட்டான், என்னைத் தொட்டான், எட்டி வலப்பக்கத்தவனைத் தொட்டான். வலப்பக்கத்தவன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

செல்போன்களை வாங்கிக்கொள்ள ஒருவர் சாக்கோடு வந்தார். "கடைசியா ஒரு தடவை பேசிக்கங்க" என்றார். இந்தக் காகிதங்களையும் எழுதி முடித்ததும் அவரிடமே கொடுப்பதாகச் சொல்லி, வீட்டு முகவரி கொடுத்திருக்கிறேன். எடுத்துப்போய்ச் சேர்ப்பதாகச் சொன்னார். வீட்டுக்கு அழைத்தேன். உடனே எடுத்தாள். கையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும்.

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன். அவன் எங்க?"

"தூங்கறான். கதவைத் திறந்து போட்டுட்டு."

தளத்தின் முன்பக்கத்தில் சங்கிலி உருளும் சத்தம் கேட்டது. வாயாடி வாயை மூடத் தொடங்கினாள். துறைமுகத்து வெளிச்சம் இரண்டு பக்கத்திலிருந்தும் குறுகிக்கொண்டே வந்தது. வாய் மூடினால் உள்ளே எவ்வளவு இருட்டாக இருக்கும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

"என்னை அனுப்ப உனக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்றேன்.

"அவனை அனுப்ப உங்களுக்கு எப்படி வந்துச்சோ, அதைவிடக் கொஞ்சம் கஷ்டமாத்தான் வந்துச்சு." அவள் குரல் உடைந்தது. உடனே சரி செய்துகொண்டாள். வேலைக்கு நடுவே தொலைபேசி எடுக்கும்போது பேசுவாளே, அந்தக் குரல் வந்துவிட்டது. "இங்க பாருங்க. மூணுல ஒண்ணு போனா ஏத்துக்கலாம்னு எழுதினது நீங்க. எந்த ஒண்ணுன்னு நீங்க எழுதலை."